ஃபிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் ஒரே லென்ஸ்: பழைய வேகமான பிரைம் வாங்க முழுமையான வழிகாட்டி

1960-களிலும் 70-களிலும் எஸ்எல்ஆர் கேமரா (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளிருக்கும் மிரர் மூலம் காட்டும் கேமரா) வாங்கியவருக்குப் பெரும்பாலும் கூடவே ஒரு 50 மி.மீ. பிரைம் லென்ஸும், அதாவது ஜூம் இல்லாத லென்ஸும், வந்தது. சாதாரணமாக எஃப் 2 அல்லது எஃப் 1.8 (எண் குறையக் குறையத் திறப்பு அகலம், வெளிச்சம் அதிகம்). கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் எஃப் 1.4. தாராளமாகச் செலவழிக்க முடிந்தவருக்கு எஃப் 1.2. ஜப்பான், இரண்டு ஜெர்மனிகள், சோவியத் ஒன்றியம் என்று எல்லாப் பக்கமும் மலைமலையாகச் செய்து குவித்த சரக்கு இது. அதனால்தான் இன்றைய புதிய எஃப் 1.4 லென்ஸின் விலையில் சிறு பங்குக்கே பழையது ஒன்று கிடைக்கிறது.

வாங்குபவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பிராண்டு, அடுத்து எஃப் எண், அடுத்து விலை. மவுண்ட் (லென்ஸ் கேமராவில் மாட்டும் பகுதி) என்ன, உள்ளே கண்ணாடி எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் பார்சல் வந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. ஃபிலிம் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்று, டிஜிட்டல் பாடி ஒன்று, இரண்டிலும் ஒரே லென்ஸ் வேலை செய்ய வேண்டும் என்றால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: மவுண்ட், நிலைமை, எஃப் எண், கடைசியில் பெயர். பூஞ்சை பிடித்த எஃப் 1.2-ஐவிடச் சுத்தமான எஃப் 1.8 எப்போதும் நல்ல படம் தரும்.

எஃப் எண்ணுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்

எஃப் 2-விலிருந்து எஃப் 1.4-க்குப் போனால் ஒரு முழு ஸ்டாப், அதாவது இருமடங்கு வெளிச்சம். எஃப் 1.8-இலிருந்து எஃப் 1.4 என்றால் முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவு. எஃப் 1.4-இலிருந்து எஃப் 1.2 அரை ஸ்டாப்கூட இல்லை. ஆனால் விலை மட்டும் இந்தக் கணக்கில் ஏறுவதில்லை. கடைசி அரை ஸ்டாப்புக்குத்தான் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு ட்யூப் லைட் எரியும் சாதாரண வீட்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வின் அளவு) 400 ஃபிலிமில் எஃப் 2 வைத்தால் ஷட்டர் 1/30 நொடியை ஒட்டி வரும்; எஃப் 1.4-இல் 1/60. கையில் பிடித்து எடுக்கையில் 50 மி.மீ. லென்ஸுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோடு விழுகிறது. ஆகவே ஃபிலிமில் எஃப் 1.4-க்கு உண்மையான பயன் உண்டு. டிஜிட்டலில் ஐஎஸ்ஓவை ஒரு படி ஏற்றிவிட்டால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். அங்கே அகலத் திறப்பின் பயன் பின்னணி மங்கலுக்குத்தான்.

வெயிலில் நிலைமை நேர்மாறு. ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டு உச்சி வெயிலில் எஃப் 1.4 வைக்க 1/50000-க்கு மேல் ஷட்டர் வேகம் வேண்டும். பழைய பாடிகளில் பலவற்றுக்கு 1/1000-தான் எல்லை. கிட்டத்தட்ட ஆறு ஸ்டாப் இடிக்கிறது. அதைச் சரிக்கட்ட என்டி 64 ஃபில்டர் (வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காகக் குறைப்பது) போட்டால் வ்யூஃபைண்டரே இருண்டுவிடும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் என்றால் என்டி 16 போதும். வெளியில் அகலத் திறந்து எடுக்கும் ஆசை இருந்தால் ஃபிலிமின் வேகத்தையும் சேர்த்தே யோசியுங்கள்.

கூர்மை விழும் ஆழத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 50 மி.மீ. லென்ஸ், ஒரு மீட்டர் தூரம், ஃபுல்ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) அல்லது 35 மி.மீ. ஃபிலிம்: எஃப் 2-வில் சுமார் நாலரை செ.மீ., எஃப் 1.4-இல் சுமார் மூன்று செ.மீ., எஃப் 1.2-இல் மூன்றுக்கும் கீழே. கண் கூர்மையாக இருக்கும்போது காது மங்கிவிடும். முதல் லென்ஸுக்கு எஃப் 1.4 தாராளம், சுத்தமான எஃப் 1.7 அல்லது 1.8 கையில் கிடைத்தால் அதையும் தயங்காமல் எடுக்கலாம். எடையையும் பாருங்கள்: ஒலிம்பஸ் 50 எஃப் 1.8 சுமார் 170 கிராம், நிக்கான் 50 எஃப் 1.2 சுமார் 360 கிராம்.

முதல் படி: மவுண்ட்டை ஃபிலிம் பாடி தீர்மானிக்கட்டும்

மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத) டிஜிட்டல் கேமரா கிட்டத்தட்ட எந்தப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸையும் ஏற்கும். ஃபிலிம் பாடி ஏற்காது. எனவே ஃபிலிம் பாடி எதுவோ அதன் மவுண்ட்டிலேயே லென்ஸை வாங்கி, டிஜிட்டலுக்கு அடாப்டர் போடுவதுதான் வழி. மிரர்லெஸ் வைத்திருப்பவர் மவுண்ட் பற்றி வேறெதுவும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

காரணம் ஃபிளாஞ்ச் தூரம், அதாவது மவுண்ட் தட்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம். நிக்கான் எஃப் 46.5 மி.மீ., ஒலிம்பஸ் ஓஎம் 46, காண்டாக்ஸ்/யாஷிகா 45.5, எம்42 திருகு மவுண்ட்டும் பென்டாக்ஸ் கே-யும் 45.46, மினோல்டா எஸ்ஆர் 43.5, கேனன் எஃப்டி 42. மிரர்லெஸ் பக்கம் பார்த்தால் கேனன் ஆர்எஃப் 20, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25, சோனி ஈ 18, ஃபூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16. நடுவே இரண்டு செ.மீ.க்கு மேல் காலி இடம். அந்த இடத்தில் வெறும் உலோகக் குழாயாக அடாப்டர் உட்கார்ந்துகொள்கிறது.

டிஎஸ்எல்ஆர் (மிரர் உள்ள டிஜிட்டல் கேமரா) வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. கேனன் ஈஎஃப் மவுண்ட்டின் தூரம் 44 மி.மீ. அதைவிட அதிகத் தூரமுள்ள எம்42, நிக்கான் எஃப், ஓஎம் லென்ஸ்கள் மெல்லிய அடாப்டரோடு இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு) வரை ஃபோகஸ் ஆகும். எஃப்டியும் மினோல்டாவும் ஆகாது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள், அது படத்தைக் கெடுக்கும், வேண்டாம். நிக்கான் டிஎஸ்எல்ஆர் இன்னும் மோசம்: 46.5 என்பதால் எம்42-கூட இன்ஃபினிட்டிக்குப் போகாது, நிக்கான் லென்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபுல்ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்பகுதி துருத்திக்கொண்டிருக்கும் வேகமான லென்ஸ்கள் இன்ஃபினிட்டிக்குத் திருப்பும்போது மேலெழும் மிரரில் இடிக்கும். முதல்முறை மாட்டும்போது கிட்டத் தூரத்தில் தொடங்கி, ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போங்கள்.

ஒவ்வொரு மவுண்ட்டிலும் ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது.

நிக்கானில் 1977-இல் ஏஐ முறை (தானியங்கி இண்டெக்ஸிங்; செயற்கை நுண்ணறிவு அல்ல) வந்தது. அதற்கு முந்தைய, மாற்றப்படாத லென்ஸை எஃப்எம்2, எஃப்ஈ2 போன்ற பாடிகளில் மாட்டினால் பாடியின் சுற்றுப்பக்கத்தில் உள்ள சிறு நாக்கு உடையலாம். முதல் எஃப்எம், எஃப்ஈ, எஃப்3 ஆகியவற்றில் அந்த நாக்கை மடக்கிவிடலாம். அடையாளம் சுலபம்: ஏஐ லென்ஸின் அபர்ச்சர் (திறப்பு) வளையத்தில் வழக்கமான எண்களுக்குப் பின்னால் மவுண்ட்டை ஒட்டி இரண்டாவதாக ஒரு பொடி எண் வரிசை இருக்கும்.

எம்42-இல் பின்பக்கம் ஒரு ஊசி இருக்கும். ஃபிலிம் பாடி அந்த ஊசியை அழுத்தினால்தான் பிளேடுகள் (திறப்பைச் சுருக்கும் தகடுகள்) மூடும். அடாப்டரில் ஊசியை அழுத்தும் விளிம்பு இல்லை, லென்ஸிலும் ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் இல்லை என்றால், எஃப் 8 வைத்தாலும் முழுத் திறப்பிலேயே படம் விழும். சூப்பர் டாகுமார் லென்ஸ்களில் அந்த சுவிட்ச் உண்டு. சோவியத் லென்ஸான ஹீலியோஸ் 44-2-இல் ஊசியே கிடையாது. இரண்டு வளையங்களைக் கையால் திருப்பும் ப்ரீசெட் முறை, அடாப்டரில் எந்தத் தொந்தரவும் இல்லை. பென்டாக்ஸ் கே பாடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: தூரம் ஒன்றே என்பதால் எம்42 லென்ஸ் மெல்லிய வளையத்தோடு கே1000 போன்ற பாடியிலும் இன்ஃபினிட்டி வரை ஓடும்.

கேனன் எஃப்டி அடாப்டரில் லாக்–ஓபன் வளையம் ஒன்று இருக்கும். அதை லாக் பக்கம் திருப்பாவிட்டால் அபர்ச்சர் வளையம் சுற்றும், பிளேடு அசையாது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிஎஸ்எல்ஆர்காரர்களுக்குப் பயன்படாத மவுண்ட் என்பதால் எஃப்டி நெடுங்காலம் மலிவாகக் கிடந்தது. மிரர்லெஸ் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது.

இரண்டாம் படி: ஃபோகல் தூரம்

ஃபிலிமில் 50, ஃபுல்ஃப்ரேமிலும் அதே 50. கிராப் சென்சாரில் (ஃபுல்ஃப்ரேமைவிடச் சிறியது) அது 75 மி.மீ. பார்வையைத் தரும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100. முகப்படங்களுக்கு அருமை, சிறிய அறைக்குள் திண்டாட்டம். கிராப் பாடிக்கு 28 அல்லது 35-இல் வேகமான பழைய லென்ஸ் தேடினால் பெரும்பாலும் எஃப் 2.8-தான் அகப்படும்; எஃப் 2 கிடைத்தால் விலை கசக்கும்.

இதற்கு 0.71 மடங்கு ஃபோகல் ரெட்யூசர் (பிம்பத்தைச் சுருக்கும் கண்ணாடி வைத்த அடாப்டர்) ஒரு மாற்று. 50 எஃப் 1.4 லென்ஸ் சுமார் 35 மி.மீ. எஃப் 1 ஆகிவிடும். கிராப் பாடியில் பழைய 50-இன் பார்வை கிட்டத்தட்ட திரும்பக் கிடைக்கும். நல்ல ரெட்யூசரின் விலை லென்ஸின் விலையையே தாண்டலாம், மலிவானவற்றில் ஓரங்கள் குழையும். முதலிலேயே வாங்காதீர்கள், சாதாரண அடாப்டரில் சில வாரம் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாம் படி: எந்த லென்ஸ்

ஏறக்குறைய எல்லாமே டபுள் காஸ் என்னும் லென்ஸ் வடிவத்தின் குடும்பம். நடுவே அபர்ச்சர், இரு பக்கமும் ஆடிகள் (லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி வில்லைகள்). எஃப் 1.8-க்கு ஆறு ஆடிகள், எஃப் 1.4-க்குப் பொதுவாக ஏழு. அதனால் எஃப் 5.6-இல் இவற்றில் எது எது என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வித்தியாசம் முழுத் திறப்பில்தான். அங்கே ஸ்ஃபெரிக்கல் அபெரேஷன் (ஓரக் கதிர்கள் வேறிடத்தில் குவிவது) காரணமாகக் கூர்மையின் மேல் மெல்லிய ஒளிப்படலம் ஒன்று படரும், வெளிச்சப் புள்ளிகள் ஓரத்தில் சிறகு விரிக்கும். எஃப் 2 அல்லது 2.8-க்கு மூடினால் இரண்டும் அடங்கிவிடும்.

பென்டாக்ஸ் டாகுமார் 50 எஃப் 1.4, எம்42. கையில் திருப்பிப் பார்த்தால் புரியும்: இவ்வளவு மென்மையாக ஓடும் ஃபோகஸ் வளையம் பழைய லென்ஸ்களில் அபூர்வம். 1964-இல் வந்த முதல் வடிவத்தில் எட்டு ஆடிகள். அடுத்து வந்தது ஏழு ஆடி வடிவம், அதில் தோரியம் கலந்த கண்ணாடி. கதிர்வீச்சால் அந்தக் கண்ணாடி ஆண்டுகள் போகப்போகத் தேநீர் நிறமாக மாறும். கையில் வைத்துப் படமெடுக்க ஆபத்து என்று சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை. உடைக்கவோ தேய்க்கவோ கூடாது, அவ்வளவுதான். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இந்த மஞ்சள் இளமஞ்சள் ஃபில்டர் போட்டது போல வேலை செய்யும். டிஜிட்டலில் வைட் பேலன்ஸ் சமாளித்துவிடும். கலர் ஃபிலிமில்தான் உறுத்தும். புற ஊதா எல்இடி விளக்குக்கு அடியில் சில நாள் முதல் சில வாரம் வரை வைத்தால் நிறம் பெருமளவு வெளுக்கும். வெயிலில் வைப்பவர்கள் லென்ஸின் ஒரு முனையை அலுமினியத் தாளால் மூடிவிட வேண்டும்: வெளிச்சம் திரும்பி உள்ளேயே போகும், குவிந்து மேசையைக் கொளுத்தாது. நண்பகல் வெயில் வேண்டாம், சூட்டில் கிரீஸ் இளகி பிளேடுக்கு வந்துவிடும். 1971 முதல் வந்த எஸ்எம்சி பெயருள்ளவற்றில் பல அடுக்குக் கோட்டிங் உண்டு, எதிர்வெயிலில் தாக்குப்பிடிக்கும்.

ஒலிம்பஸ் ஓஎம் 50 எஃப் 1.4 சிறியது, 49 மி.மீ. ஃபில்டர். முன் வளையத்தில் ஜி.சுய்கோ என்று இருந்தால் அந்த ஜி ஏழு ஆடிகளைக் குறிக்கும், எஃப்.சுய்கோ என்றால் ஆறு. தொடர் எண் பத்து லட்சத்தைத் தாண்டிய பிந்தைய லென்ஸ்கள் முழுத் திறப்பில் மேலானவை என்று பெயர் வாங்கியவை, விலையும் அதற்கேற்பத்தான்.

நிக்கான் 50 எஃப் 1.4 ஏஐ, கேனன் நியூ எஃப்டி 50 எஃப் 1.4, மினோல்டா 50 எஃப் 1.4 மூன்றும் குறை சொல்ல இடமில்லாத வேலைக்காரர்கள். இவற்றில் எதை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண்; உங்கள் பாடி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

ஹீலியோஸ் 44-2 வேறு ரகம். 58 மி.மீ. எஃப் 2, கார்ல் சைஸ் பயோட்டாரின் சோவியத் வழித்தோன்றல், எட்டு பிளேடு. இதன் புகழுக்குக் காரணம் பின்னணி சுழல்வது. ஓரத்தில் வரும் ஒளிக்கதிர்களை லென்ஸின் குழாயே வெட்டுவதால் ஒளி வட்டங்கள் பூனைக்கண் வடிவம் எடுத்து, நடுப்புள்ளியைச் சுற்றி வரிசை கட்டும். அதைப் பார்க்க மூன்று விஷயம் கூடிவர வேண்டும்: முழுத் திறப்பு, ஒன்றரை இரண்டு மீட்டரில் ஆள், பல மீட்டர் பின்னால் வெளிச்சம் சல்லடையாக இறங்கும் இலைக்கூட்டம். கிராப் சென்சாரில் ஓரமே வெட்டுப்பட்டுப் போவதால் சுழல் பாதியாகிவிடும். தொடர் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டு. பிந்தைய 44எம் வகையில் ஆறு பிளேடுதான். தரம் பீஸுக்குப் பீஸ் மாறும் சரக்கு, பார்க்காமல் வாங்காதீர்கள்.

கிழக்கு ஜெர்மனியின் பென்டாகான் 50 எஃப் 1.8 பெயரில் பெரிதில்லை. ஆனால் 33 செ.மீ. வரை கிட்டப் போகும்; ஜப்பான் லென்ஸ்கள் பெரும்பாலும் 45-இல் நின்றுவிடும். சாப்பாடு, பூ, சிறு பொருள்கள் எடுப்பவருக்கு இந்த 12 செ.மீ. பெரிய விஷயம்.

எஃப் 1.2 வேண்டியே தீரும் என்றால் நிக்கான் 50 எஃப் 1.2. மினோல்டா 58 எஃப் 1.2 பின்னணியை இன்னும் அழகாகக் கரைக்கும், எடையும் அதிகம்.

லைக்கா திருகு மவுண்ட்டின் ஜூப்பிட்டர்-3 போன்ற சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களைப் பற்றி (லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனிச் சாளரத்தில் ஃபோகஸ் பிடிக்கும் கேமராவுக்கானவை) ஒரு எச்சரிக்கை மட்டும். இவற்றின் ஃபோகல் தூரத் தரம் லைக்காவிலிருந்து சற்று வேறு என்பதால் லைக்கா வகை ஃபிலிம் பாடியில் ரேஞ்ச்ஃபைண்டர் காட்டும் இடம் ஒன்று, கூர்மை விழும் இடம் ஒன்றாக இருக்கலாம். மேலும் ஜூப்பிட்டர்-3 ‘சோனார்’ (Sonnar) என்னும் லென்ஸ் வடிவம் என்பதால் அபர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் பின்னால் நகரும். திரையில் பார்த்து எடுக்கும் மிரர்லெஸில் இந்த இரண்டும் பிரச்சினையே இல்லை.

நான்காம் படி: டார்ச் அடித்துப் பார்ப்பது

கடையில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. கைப்பேசி டார்ச் போதும். இரண்டு மூடிகளையும் கழற்றி, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து, முன்பக்கத்திலிருந்து நேராக அல்லாமல் சாய்வாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் போட்டு அதையே செய்யுங்கள்.

சிலந்தி நூல் போல ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பிரிந்து போவது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. சிறு கீற்று என்றால் சுத்தம் செய்யலாம். நாள்பட்டதென்றால் துடைத்த பிறகும் அதன் தடம் கோட்டிங்கில் அரித்த வடுவாக நிற்கும். ஆடி முழுதும் மூச்சு விட்டது போல ஒரே சீரான பனிப்படலம் தெரிந்தால் அது ஹேஸ். உள்ளே இருக்கும் எண்ணெய் ஆவியாகிப் படிந்ததுதான் பெரும்பாலும் காரணம். பழைய லென்ஸ்களில் அதிகம் ஏமாற்றுவது இதுதான்: சாதாரண வெளிச்சத்தில் கண்ணாடி பளிச்சென்று இருக்கும், படத்தில் கறுப்பு சாம்பலாக வரும். வானவில் நிறத்தில் விளிம்பைச் சுற்றி எண்ணெய் மிதப்பது போல் தெரிந்தால், ஒட்டிய இரண்டு ஆடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. பழுது பார்ப்பது லென்ஸின் விலையைத் தாண்டும், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தூசியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐம்பது வருடப் பழசில் தூசி இல்லாவிட்டால்தான் யாரோ சமீபத்தில் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திருகுகளின் தலையில் கீறல் இருக்கிறதா பாருங்கள். முன் ஆடியில் ஒன்றிரண்டு கீறல் படத்தில் தெரியாது. பின் ஆடியில் அதே கீறல் தெரியும், ஏனெனில் அங்கே ஒளிக்கற்றை குறுகி, ஃபிலிமுக்கு அருகில் வந்துவிட்டது. முன் ஆடி முழுதும் பொடிப்பொடியாகத் துடைத்த தேய்மானம் இருந்தால் எதிர்வெளிச்சத்தில் கான்ட்ராஸ்ட் போய்விடும்.

அடுத்தது பிளேடு. அபர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, பின்னால் உள்ள நெம்புகோலையோ ஊசியையோ விரலால் தள்ளி விடுங்கள். சட்டென்று பாய வேண்டும். சோம்பல் முறித்துக்கொண்டு நகர்ந்தால் பிளேடில் எண்ணெய். மிரர்லெஸில் முன்கூட்டியே மூடி எடுப்பதால் அது உடனே தொல்லை தராது. ஃபிலிம் எஸ்எல்ஆரில் மிரர் மேலேறி ஷட்டர் திறக்கும் அந்தக் கணத்துக்குள் பிளேடு மூடி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் எஃப் 8 என்று நினைத்தது எஃப் 4 ஆக விழுந்து படம் வெளுத்துவிடும். முழுத் திறப்புப் படங்கள் மட்டும் சரியாக, மூடி எடுத்தவை மட்டும் வெளுப்பாக வந்தால் மீட்டரைத் திட்டாதீர்கள், காரணம் இதுவாக இருக்கலாம். எஃப்டி லென்ஸைப் பாடியிலோ அடாப்டரிலோ மாட்டிய பிறகே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே வேகத்தில் திருப்புங்கள். இறுக்கம் சீராக இருந்தால் பழைய கிரீஸ், மாற்றிவிடலாம். ஓரிடத்தில் மட்டும் பிடித்து விட்டால் உள்ளே மரை அடிபட்டிருக்கிறது, கீழே விழுந்த லென்ஸ். ஃபில்டர் விளிம்பில் நசுங்கல் இருந்தாலும் அதே சந்தேகம்.

தொலைவிலிருந்து வாங்கும்போது விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பின்னாலிருந்து டார்ச் அடித்தது, அபர்ச்சர் மூடிய பிளேடுகள், பின் மவுண்ட். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டார்ச் படம் மட்டும் தர மறுப்பவரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை.

ஐந்தாம் படி: அடாப்டரும் கேமரா அமைப்பும்

அடாப்டர் வெறும் குழாய் என்றாலும் அதன் தடிமன் முக்கியம். 50 மி.மீ. லென்ஸுக்கு அடாப்டர் 0.1 மி.மீ. தடித்துவிட்டால் மிகத் தொலைவான ஃபோகஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும். மலை, நிலா எதுவும் கூர்மையாகாது. இதற்குப் பயந்தே பல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சற்று மெல்லியதாகச் செய்கிறார்கள். அப்போது இன்ஃபினிட்டி குறியைத் தாண்டியும் வளையம் போகும், தூர அளவுகோலை நம்ப முடியாது. இது ஏற்றுக்கொள்ளக்கூடிய குறை. லென்ஸ் ஆடுவது ஏற்றுக்கொள்ளக்கூடியதல்ல. உட்சுவர் பளபளப்பாக இருந்தால் கறுப்பு வெல்வெட் ஒட்டுங்கள். பிரகாசமான காட்சிகளில் கான்ட்ராஸ்ட் கூடுவது கண்ணுக்கே தெரியும்.

கேமராவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கும் அமைப்பை முதலில் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பாடிக்குள் நடுக்கம் தாங்கும் வசதி இருந்தால் ஃபோகல் தூரத்தைக் கையால் பதியுங்கள். கிராப் சென்சாராக இருந்தாலும் 75 என்று போடாதீர்கள், லென்ஸில் அச்சிட்டிருக்கும் 50-ஐயே போடுங்கள். அபர்ச்சர் ப்ரயாரிட்டி மோடு வேலை செய்யும். எஃப் எண் மட்டும் படத்தின் தகவலில் பதிவாகாது.

ஆறாம் படி: ஃபோகஸ் பிடிப்பது

மிரர்லெஸில் பீக்கிங் கோடுகளை (கூர்மையான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டுபவை) மட்டும் நம்பி எஃப் 1.4-இல் எடுத்தால் பாதிப் படம் போய்விடும். பீக்கிங் தோராயத்துக்கு, முடிவு செய்யப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதிதான் வேண்டும், அதை ஒரு பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆரின் ஃபோகசிங் ஸ்க்ரீன் எஃப் 2.8-ஐ ஒட்டிய ஆழத்தைத்தான் காட்டும். அதில் கூர்மையாகத் தெரிவது எஃப் 1.4 படத்தில் மங்கலாக இருக்கும். லைவ் வ்யூவுக்கு (பின்திரையில் பார்த்து எடுப்பது) போய்விடுங்கள்.

பழைய ஃபிலிம் எஸ்எல்ஆரில் நடுவே ஸ்ப்ளிட் இமேஜ் வட்டம் இருக்கும். செங்குத்தான கோடு ஒன்றை அதில் வைத்து இரு பாதியும் ஒன்று சேரும்வரை திருப்புங்கள். நடுவில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவை ஓரமாக நகர்த்தும் பழக்கத்தை மட்டும் முழுத் திறப்பில் விட்டுவிடுங்கள். ஒரு மீட்டரில் 15 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணுக்கு மூன்றரை செ.மீ. பின்னால் போய்விடுகிறது. எஃப் 1.4-இன் மொத்த ஆழமே மூன்று செ.மீ. என்று மேலே பார்த்தோம்.

ஏழாம் படி: லென்ஸை டிஜிட்டலில் சோதியுங்கள், பாடியை ஃபிலிமில்

லென்ஸ் சரியா என்று பார்க்க ஒரு ரோலை வீணாக்க வேண்டாம். டிஜிட்டல் பாடியை முக்காலியில் நிறுத்தி, தூரத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை எஃப் 2.8-இல் எடுங்கள். ஒரே ஜன்னலை நான்கு மூலைக்கும் கொண்டுபோய், ஒவ்வொரு முறையும் அங்கேயே ஃபோகஸ் பிடியுங்கள். ஒரு மூலை மட்டும் திரும்பத் திரும்பக் குழைந்தால் ஆடி மையம் விலகியிருக்கிறது. பிறகு எஃப் 1.4, 2, 2.8, 5.6 என்று அதே காட்சியை எடுத்து, எந்த எண்ணில் படலம் விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபிலிமில் எடுக்கும்போது அந்த எண்தான் உங்கள் வழக்கமான திறப்பு.

ஃபிலிம் பாடியில் சந்தேகம் ஸ்க்ரீன் மீதுதான். மிரர் சற்று இறங்கியிருந்தால் வ்யூஃபைண்டரில் கூர்மை, ஃபிலிமில் மங்கல். சோதிக்க ஃபிலிம்கூட வேண்டாம். பின்கதவைத் திறந்து, மங்கலான செலோடேப்பை உள்தண்டவாளங்கள் இரண்டின் மேலும் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். ஒரு மீட்டரில் உள்ள விளக்குக்கு எஃப் 1.4-இல் வ்யூஃபைண்டரில் ஃபோகஸ் பிடித்து, பிறகு பி-யில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் அமைப்பு) ஷட்டரைத் திறந்து பிடித்து, டேப்பில் விழும் தலைகீழ் பிம்பத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். விளக்கின் இழை டேப்பிலும் கூர்மையாக இருந்தால் பாடி சரி. இல்லையென்றால் பழுது பார்ப்பவரிடம் மிரர் நிறுத்தத்தைச் சரி செய்யச் சொல்லுங்கள்; லென்ஸில் கை வைக்க வேண்டியதில்லை. டேப்பைப் பிரிக்கும்போது ஷட்டர் திரையில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்துக் காப்பது

கடலோர ஊர்களில் மழைக்காலம் முடிவதற்குள் சுத்தமான லென்ஸிலும் ஃபங்கஸ் வந்துவிடும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். மின்சார ட்ரை கேபினெட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. பழைய தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள், ஃபங்கஸுக்கு அதைவிடத் தோதான வீடு கிடையாது. ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு திரும்பப் போடலாம். நீல நிற வகையில் கோபால்ட் உப்பு இருக்கும், அதைச் சமையல் ஓவனில் வைக்காதீர்கள்.